போக்கோ ஹராம் எப்படித் தோன்றியது? சொந்த ஊர் மக்களையே ஏன் கொல்கிறது?

நைஜீரியாவின் ஆயுதக் குழுவான போக்கோ ஹராம் தோன்றக் காரணம் வறுமையா, மதமா என்று பலரும் கேட்கிறார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் விடை தப்பிப்போகும். வடக்கு நைஜீரியாவில் வறுமைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் இந்த இயக்கம் வேர்விட்டது போர்னோ மாநிலத் தலைநகர் மைடுகுரியில்தான். 2002 முதல் 2009 வரை அங்கே நடந்ததைப் பார்க்க வேண்டும்.

முதலில் பெயர். இது அவர்கள் சூட்டிக்கொண்டதல்ல, அக்கம்பக்கத்தார் வைத்தது. ‘புக்’ என்ற ஆங்கிலச் சொல்தான் ‘போக்கோ’ ஆனது என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. வடக்கில் பேசப்படும் ஹவுசா மொழியில் அதன் பழைய பொருள் போலி, ஏமாற்று. அரபு எழுத்தில் எழுதிவந்த ஹவுசாவை ரோமன் எழுத்துக்கு மாற்றி ஆங்கிலேயர் பள்ளிகளைத் திறந்தபோது, அந்தப் படிப்புக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கே படித்து வந்தவர்களே பிறகு அரசு நடத்தினார்கள். ஆகவே ‘போக்கோ ஹராம்’, அதாவது ‘போக்கோ கூடாது’ என்றால் பள்ளிக்கூடம் மட்டும் கூடாது என்பதல்ல. அதிலிருந்து முளைத்த அரசாங்கமே கூடாது என்பதுதான்.

இதைப் பிரசாரம் செய்தவர் இயக்கத்தைத் தொடங்கிய மதப் போதகர் முகமது யூசுப். 1999க்குப் பிறகு வடக்கில் 12 மாநிலங்கள் ஷரியா சட்டத்தைக் கொண்டுவந்தன. நீதி வரும், ஊழல் ஒழியும் என்று மக்கள் நம்பினார்கள். 2000இல் அவற்றில் ஒன்றான ஸம்ஃபாராவில் மாடு திருடிய ஒருவரின் கை வெட்டப்பட்டது. பொதுப்பணத்தைச் சுருட்டிய பெரிய கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஏமாற்றத்தை யூசுப் சரியாகப் பிடித்துக்கொண்டார். தேர்தல் கூடாது, அரசு வேலை கூடாது, மேற்கத்தியப் படிப்பு கூடாது என்றார். மழை நீராவியால் உண்டாகிறது என்பதைக்கூட ஏற்கவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு, தங்க இடம், பிழைப்புக்குக் கடன் எல்லாம் கிடைத்தன. ஊர்விட்டு வந்த வேலையற்ற இளைஞனுக்கு அவருடைய பள்ளிவாசல் குடும்பம்போல இருந்தது. போர்னோவில் மத விவகாரத் துறைப் பொறுப்பில் இருந்த பூஜி ஃபோய் அவருடைய ஆதரவாளர் என்பதையும் மறக்கக் கூடாது. அரசியல்வாதிகள் முதலில் இவர்களை அணைத்தே சென்றார்கள்.

யூசுப்பை முதலில் எதிர்த்து வாதாடியவர்கள் முஸ்லிம் அறிஞர்களே. ஒருகாலத்தில் அவருக்கு வழிகாட்டியாக இருந்த, வடக்கு நகரமான கானோவின் ஜாஃபர் ஆதம் மேடையேறி மறுத்தார். 2007இல் அவர் பள்ளிவாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2009 ஜூனில், சவ அடக்கத்துக்குப் போன யூசுப்பின் ஆட்களை மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட் போடவில்லை என்று பாதுகாப்புப் படை மறித்தது. தகராறு முற்றித் துப்பாக்கிச் சூட்டில் 17 பேர் காயமடைந்தார்கள். ஜூலை 26இல் வடக்கிலுள்ள பவுச்சி நகரில் காவல் நிலையத்தைத் தாக்கி இயக்கம் கலவரத்தில் இறங்கியது. சில நாட்களில் 800 பேருக்கு மேல் செத்தார்கள். ராணுவம் யூசுப்பை உயிரோடு பிடித்துப் போலீசிடம் ஒப்படைத்தது. போலீஸ் காவலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பூஜி ஃபோயும் அப்படியே. இந்தக் கொலைதான் இயக்கத்தை உருவாக்கியது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கொள்கை முன்பே இருந்தது. ஆனால் வாதத்தில் தோற்கடிக்கக்கூடியவரைத் தியாகியாக்கியது அந்தக் கொலைதான்; விசாரணை நடத்தித் தண்டித்திருக்க வேண்டும்.

அடுத்துத் தலைவராக வந்த அபுபக்கர் ஷெக்காவ் 2010 செப்டம்பரில் பவுச்சி சிறையை உடைத்துச் சுமார் 700 பேரை வெளியேற்றினார். முதலில் இலக்கானவர்கள் போலீஸ், மறுத்துப் பேசிய இமாம்கள், அரசு அதிகாரிகள். பிறகு தேவாலயங்கள், 2011இல் நாட்டுத் தலைநகர் அபுஜாவின் ஐ.நா. கட்டடம்.

ஊர் மக்கள்மேல் மொத்தமாகப் பாய்ந்தது 2013க்குப் பிறகு. அந்த ஆண்டு மைடுகுரி இளைஞர்கள் தடியும் அரிவாளுமாகத் திரண்டு, தங்கள் தெருவில் ஒளிந்திருந்தவர்களை அடையாளம் காட்டினார்கள். இயக்கம் நகரைவிட்டு சம்பிசா காட்டுக்கு ஓடியது. ‘உன் ஊர் காவல்படை அமைத்தது, நீ எதிரி’ என்று பழிதீர்ப்பு தொடங்கியது. ஷெக்காவ் அதற்கு மதச் சாயமும் பூசினார்: அரசின் ஆளுகையில் வாழ்ந்து, தன் பக்கம் வந்து சேராதவன் முஸ்லிமே அல்ல. இந்த ஒரு வாக்கியம் சந்தையில் காய் விற்கும் பெண்ணையும் தொழுகையில் நின்ற கிழவரையும் இலக்காக்கிவிட்டது. 2014 ஏப்ரலில் போர்னோவின் சிபோக் ஊரில் 276 மாணவிகளைக் கடத்தியதில் பள்ளி மீதான பகையும், பெண்களைப் போர்ப் பொருளாக நடத்தும் கொடுமையும் சேர்ந்திருந்தன. தற்கொலைத் தாக்குதலுக்குச் சிறுமிகளை அனுப்பியதும் அந்த ஆண்டிலிருந்துதான்.

2016இல் இயக்கம் உடைந்ததும் இந்தக் கேள்வியை ஒட்டியே. சாதாரண முஸ்லிம்களைக் கொல்வது சரியல்ல என்று யூசுப்பின் மகன் அபு முசாப் அல்-பர்னாவி ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) அமைப்பின் ஆதரவோடு தனியே போனார். இரக்கம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிரிவுக்குச் சாட் ஏரிக்கரையில் மீனவர்களிடமும் மாடு மேய்ப்பவர்களிடமும் வரி வசூலிக்க வேண்டியிருந்தது; வரி கட்ட ஆட்கள் உயிரோடு இருக்க வேண்டுமே. 2018இல் செஞ்சிலுவைச் சங்கத்தோடு வேலை செய்த இரண்டு மருத்துவச்சிகளைக் கடத்திக் கொன்றதும் அதே பிரிவுதான். 2021 மே மாதம் சம்பிசாவில் அவர்களோடு மோதியே ஷெக்காவ் செத்தார்.