அந்துருண்டை வாசத் துணியும் ஜி6பிடி குழந்தையும்

சகோதரி, பிறந்து ஐந்தே நாளான மகனுக்கு ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி குறைவாக இருப்பது), மஞ்சள் காமாலையும் இருக்கிறது. மாமியார் அந்துருண்டை போட்டு வைத்திருந்த பழைய துணிகளை உடுத்தலாமா, காமாலைக்குக் குழந்தையைக் காலை வெயிலில் காட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

துணி வேண்டவே வேண்டாம். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் இந்தக் குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் காமாலையை உண்டாக்கும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி ரத்தத்தில் ஏறும். அளவு மீறினால் மூளையையே பாதிக்கும். சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குறைபாட்டைச் சோதிப்பது சும்மா இல்லை. துவைத்துக் காயவைத்துத் தந்தாலும் நான் குழந்தைக்கு உடுத்தமாட்டேன். அலமாரி, கழிவறை எல்லாம் பார்த்து உருண்டைகளை வீட்டைவிட்டே அகற்றுங்கள். மாமியாரிடம் ‘டாக்டர் சொன்னார்’ என்று சொல்லிவிடுங்கள், சண்டை மிச்சம்.

வெயில் சிகிச்சை ஆகாது. மருத்துவமனையில் வைக்கும் நீல ஒளி வேறு, அதற்கு அளவு உண்டு. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொன்ன நாளில் தவறாமல் ரத்தம் பரிசோதியுங்கள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கேகே மருத்துவமனையின் குழந்தைகள் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.

அப்புறம், தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் பத்திய மருந்து எதையும் டாக்டரிடம் கேட்காமல் சாப்பிடாதீர்கள்.