அம்மா வீட்டைக் குளிர்கால விருந்தினருக்கு விடலாமா?

வாசகர் கேள்வி: எங்கள் ஊர் உவரிக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. அம்மா போன பிறகு ஐந்து வருஷமாக வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் மும்பையில், அக்கா பாளையங்கோட்டையில், அண்ணன் கனடாவில். அங்கே வயதானவர்கள் பனிக்காலம் முழுக்க ஃபுளோரிடா கடற்கரையில் வீடு பிடித்துத் தங்குவார்களாம். நம் வீட்டையும் அப்படிக் குளிர்காலத்துக்கு மட்டும் விடலாம் என்கிறார் அண்ணன். தெரிந்த பில்டர் ஒருவர், இடித்துவிட்டு ஆறு ஏசி ரூம் கட்டுங்கள் என்கிறார். அம்மா புழங்கின வீட்டில் அந்நியரை விடவே கூடாது என்று அக்கா அழுகிறாள். சாவி பக்கத்து வீட்டுச் சித்தியிடம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மும்பை

அன்புத் தங்கைக்கு,

வீட்டை விடுங்கள். ஆனால் இடிக்காதீர்கள், டிசம்பரில் விடாதீர்கள், சித்திக்குச் சம்பளம் பேசாமல் விடவே விடாதீர்கள். இந்த மூன்றுக்கும் ஏன் என்று சொல்கிறேன்.

அண்ணன் சொல்வது உண்மைதான். கனடாவிலிருந்து வருஷா வருஷம் ஏராளமான பெரியவர்கள் ஃபுளோரிடாவுக்குப் போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அங்கே ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ வீட்டை விட்டால் வாடகைக்கு விற்பனை வரி கட்ட வேண்டும். அந்த அளவுக்கு அது அவர்களிடம் ஊறிப்போன தொழில். ஆனால் ஒரு விஷயத்தை அண்ணன் மறந்துவிட்டார். ஃபுளோரிடாவில் குளிர்காலம் என்பது மழையில்லாத காலம். நமக்கோ ஐப்பசியும் கார்த்திகையும்தான் அடைமழை, மார்கழி பாதி வரைக்கும் வானத்தை நம்ப முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மும்பையில் இருந்தபடி டிவியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் ஊருக்கு வடக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். டெல்லிப் பனிமூட்டத்துக்குப் பயந்து நம் பக்கம் வரும் எழுபது வயதுத் தம்பதியை அப்படி ஒரு வாரத்தில் உங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு, நீங்கள் மும்பையில் உட்கார்ந்து என்ன செய்வீர்கள்?

அதனால் உங்கள் சீசன் பொங்கல் கழிந்து தொடங்கட்டும். தை, மாசி, பங்குனி முதல் பாதி. மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, ராத்திரியில் ஃபேன் போதும். ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை தொடங்கும், அந்தச் சமயத்தில் வெக்கையும் தாங்காது. ஆனி, ஆடியில் மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். ஆக, உங்கள் கையில் இருப்பது இரண்டரை மாதம். அண்ணன் மனசுக்குள் கணக்குப் போட்ட ஆறு மாதம் இங்கே கிடையாது. அதை இப்போதே தெரிந்துகொண்டால் பிறகு வருத்தம் இல்லை.

கிறிஸ்துமஸ் வாரத்தையும் விடச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். மும்பை, சென்னை, துபாய் என்று போன பிள்ளைகள் எல்லாம் கடலோர ஊர்களுக்குத் திரும்பும் வாரம் அது. நீங்களும் போய் இறங்குங்கள்.

அடுத்தது பில்டர். கடலோர ஒழுங்குமுறை விதிகளை அவர் உங்களிடம் சொன்னாரா? 2011 அறிவிக்கைப்படி, கிராமப்புறக் கடற்கரையில் பெருக்கின்போது கடல்நீர் ஏறும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் கிராமங்களுக்கு மட்டும் அதை 50 மீட்டர் ஆக்கியது. உங்கள் ஊர் எந்த வகையில் வருகிறது, வீடு எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று எழுத்தில் வாங்காமல் ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதீர்கள். அதே 2019 அறிவிக்கை, மீனவர்கள் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்க இடம் கொடுக்கிறது. இருக்கிற வீட்டை இருக்கிறபடி வைத்துக்கொள்வதுதான் சட்டப்படியும் நிம்மதி. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசலில் ஒரு கிணறு என்று இருக்கும் வீட்டைத் தேடித்தான் இந்த மனிதர்கள் வருவார்கள். ஏசி ரூம் வேண்டுமென்றால் திருச்செந்தூரிலும் கன்னியாகுமரியிலும் லாட்ஜ்கள் வரிசையாக இருக்கின்றன.

இடிக்காதீர்கள் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள் என்று அர்த்தமில்லை. கடலோரம் ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டை உப்பு தின்றிருக்கும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்துப் பாருங்கள், பெயிண்ட் பொருக்காக உதிர்ந்து பழுப்புப் பொடி ஒட்டும். சுவிட்ச் போர்டைக் கழற்றினால் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். இது பார்வைக்கு மட்டும் அசிங்கம் இல்லை, ஷாக் அடிக்கும். வயரிங் முழுவதையும் மாற்றி, கசிவு வந்தால் தானே அணையும் பிரேக்கரைப் போட்ட பிறகுதான் ஆளை விட வேண்டும். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அதன் மேல் சிமெண்ட் பூசவோ பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கவோ சம்மதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரே மழையில் கொப்புளம் கொப்புளமாக உப்பிவிடும். சுண்ணாம்பே அடியுங்கள், வருஷம் ஒருமுறை. கீல், தாழ்ப்பாள், கொக்கி எல்லாம் பித்தளையிலோ நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ போடுங்கள். கூரை ஓடுகளைப் பிரித்து மேய்வதை மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

தண்ணீர் இன்னொரு பெரிய விஷயம். கடலை ஒட்டிய நிலத்தில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும், சோப்பு நுரைக்காது. வெந்நீர் வேண்டுமே என்று கீசர் வைத்தால் காயில் மேல் கல் படிந்து சீக்கிரமே போய்விடும். குளிக்க ஒரு தொட்டி, சமைக்கவும் குடிக்கவும் தனித் தொட்டி என்று பிரித்துவிடுங்கள். லாரித் தண்ணீர் எப்போது வரும், எத்தனை நாளுக்கு வரும் என்பதை விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஊரே குடம் வைத்துக் காத்திருக்கும்போது உங்கள் வீட்டில் ஷவர் ஓடினால் அது தெருவுக்கே தெரியும். செப்டிக் டேங்கையும் கவனியுங்கள். கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.

இனி சித்தி. உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஐந்து வருஷமாகச் சாவியை வைத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் எட்டிப் பார்த்து, வாசல் கூட்டி விடுவது அவராகத்தான் இருக்கும். இப்போது அதை அன்பு என்ற கணக்கில் வைத்திருக்கிறீர்கள். வாடகை வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து அது வேலை. பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுங்கள், ஆள் இல்லாத மாதத்திலும். சமையல் தனிக் கணக்கு. இடியாப்பம், சொதி, அன்றைக்குக் கரைக்கு வந்த சாளை மீனிலோ பாறை மீனிலோ ஒரு குழம்பு என்று அவர் செய்து கொடுத்தால், அதற்கான விலையை அவரே சொல்லட்டும், காசு நேராக அவர் கைக்குப் போகட்டும். அதில் நீங்கள் கமிஷன் எடுக்கக் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு ஃபியூஸ் போனாலும், விருந்தினருக்கு மூச்சுத் திணறினாலும், கதவைத் தட்டப்போவது அவர் வீட்டைத்தான். இந்த ஏற்பாடு முழுக்க அவரை நம்பி நிற்கிறது. அவருக்கு விருப்பமில்லை என்றால், அல்லது உடம்பு ஒத்துழைக்காது என்றால், வேறு நம்பகமான ஆள் அமையும் வரை வீட்டை விட வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பேப்பர் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டா இன்னும் அம்மா பேரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி மூன்று பேர் பெயருக்கும் மாற்றுங்கள். மூவரும் கையெழுத்திட்ட சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அதாவது 2017-இல் வந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிவையும் கேட்கிறது. சில வாரத் தங்கலுக்கு எந்த மாதிரி ஒப்பந்தம் பொருந்தும் என்று நெல்லையில் ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். ஒரே ஒரு ராத்திரி தங்கினாலும் இது பொருந்தும், கடலோர ஊரில் போலீஸ் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாது. உள்நாட்டுக்காரரிடமும் அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணன் பங்குக்குப் போகும் வாடகைக்கு வரிப்பிடித்தம் வேறு மாதிரி, அதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். கரண்ட் கனெக்‌ஷன் வீட்டு உபயோகத்தில் தொடரலாமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருகிறவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். கடற்கரை என்பது ஊருக்குத் தொழில் செய்யும் இடம். விடிவதற்கு முன்னால் வள்ளங்கள் கரையேறும், ஏலம் நடக்கும், வலை காயும், கருவாட்டு வாடை வரும். கோயில் திருவிழா வந்தால் குழாய் ஸ்பீக்கர் காலையிலேயே பாடும். தைப்பூசச் சமயத்தில் திருச்செந்தூர்ச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். இதையெல்லாம் முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால், பிடிக்காதவர்கள் வரமாட்டார்கள். வருகிறவர்கள் சந்தோஷமாக இருப்பார்கள். வலையைத் தாண்டாமல் சுற்றி நடக்க வேண்டும், பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, தண்ணி போட்டுவிட்டுக் கடற்கரைக்கு வரக் கூடாது. இந்த மூன்றையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். கடலில் இறங்குவது பற்றி ஊர்க்காரர் சொல்வதே முடிவு. படகு போகாத நாளில் யாரும் கால் நனைக்க வேண்டாம். நம் கரையில் பாறை உண்டு, இழுப்பு உண்டு, காப்பாற்றக் காவலர் நிற்பதில்லை. ஊர்க் கமிட்டியிடமும் பங்குச் சாமியாரிடமும் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்று தெரிந்தால் ஊர் துணை நிற்கும்.

இரண்டு மாதம் அவர்கள் என்ன செய்வார்கள் என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். மணப்பாட்டுக் குன்றும் சிலுவைக் கோயிலும் பக்கத்தில்தான். தேரிக்காட்டுச் செம்மணலை ஒரு சாயங்காலம் பார்த்தால் மறுநாளும் போவார்கள். கூந்தன்குளத்தில் அப்போது பறவைகள் வந்திருக்கும், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து உட்பட. 2022-இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. தை மாதம் பனங்கிழங்கு அவித்துக் கொடுங்கள். பதநீருக்கு மட்டும் ஆசை காட்டாதீர்கள், அது சூடு பிடித்த பிறகுதான் நன்றாக இறங்கும். குற்றால அருவியையும் அந்த மாதங்களில் நம்ப முடியாது.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய பிறகு, வருஷம் முழுக்க வாடகைக்கு ஆள் கிடைக்கும் என்று புரோக்கர்கள் உங்களையும் தேடி வருவார்கள். காசு கூடுதலாகத்தான் வரும். ஆனால் அப்புறம் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் மூன்று பேரும் இறங்க வீடு இருக்காது.

அக்காவின் அழுகைக்கு வருகிறேன். அவரைச் சமாதானப்படுத்தி ஒதுக்கிவிடாதீர்கள். எந்த அறை பூட்டியே இருக்க வேண்டும், எந்தப் பாத்திரம் வெளியே எடுக்கக் கூடாது, அம்மாவின் பீரோவும் மாதா படமும் எங்கே இருக்க வேண்டும் என்று அவரே தீர்மானிக்கட்டும். பாளையங்கோட்டையில் இருப்பதால் விருந்தினர் கடிதங்களை முதலில் படித்து, இவர்கள் வரலாம், இவர்கள் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்கே இருக்கட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டின் கூரை எத்தனை வருஷம் தாங்கும் என்பதை அவர் நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும். அழைத்துப் போங்கள்.

முதல் வருஷம் ஒரே ஒரு தம்பதிக்கு, தை பிறந்த பிறகு ஒரு மாதத்துக்கு மட்டும் விடுங்கள். வாடகையைப் பாளையங்கோட்டையில் அதே அளவு வீட்டுக்கு என்ன கேட்கிறார்களோ அதில் தொடங்கி, கட்டில் மெத்தை, லாரித் தண்ணீர், சித்தியின் வருஷச் சம்பளம் இவற்றை மாதங்களுக்குப் பிரித்துச் சேர்த்துச் சொல்லுங்கள். வருவதில் மூன்றில் ஒரு பங்கு வீட்டுப் பழுதுக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள், மூன்று பேரும் பிரித்துக்கொள்வதற்கு முன்னால். இப்போதைக்கு, செப்டம்பருக்குள் ஒரு வாரம் லீவு போட்டு எலக்ட்ரீஷியனையும் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போய் வீட்டைத் திறங்கள். போகும்போது சித்தியிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் மற்ற வேலை.