ஆங்கில வகுப்பில் நடத்திய லிட்டரரி டிவைஸ், தீம், பெர்சுவேசிவ் டெக்னிக் எல்லாவற்றையும் தேர்வுக்கு முன் எப்படித் திருப்பிப் பார்ப்பது? பட்டியல் மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள்.

கோத்தகிரியில் சாயங்காலங்களில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். பரீட்சை நெருங்கினால் ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாளோடு வந்து உட்காருவார்கள். அதில் இருப்பதில் முக்கால்வாசி தமிழ் வகுப்பிலேயே படித்ததுதான், பெயர்தான் வேறு. உவமை சிமிலி, உருவகம் மெட்டஃபர், உயர்வு நவிற்சி ஹைப்பர்போலி, சிலேடை பன். இதற்கு ஐந்து நிமிஷம் போதும்.

எல்லாரும் பயப்படும் மெட்டானமியும் சினெக்டகியும் நம் ஆகுபெயர்தான். "ஊட்டியே குளிரில் நடுங்குது" என்றால் நடுங்குவது ஊர் இல்லை, மக்கள். அந்த இடவாகுபெயர் மெட்டானமி. "தலைக்கு இருபது கிலோ இலை" என்றால் தலை மட்டுமா பறிக்கிறது? அந்தச் சினையாகுபெயர் சினெக்டகி.

ஆனால் எல்லாம் அச்சாகப் பொருந்தாது. பெர்சானிஃபிகேஷனும் தற்குறிப்பேற்றமும் ஒன்று என்று எழுதி வைத்திருக்கும் நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். சீசன் நேரத்தில் மரக்கிளை காற்றில் ஆடுவதை, "இனியும் கார்கள் வேண்டாம் என்று கையை ஆட்டுகிறது" என்று கவிஞர் தன் காரணத்தை ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்றம். பெர்சானிஃபிகேஷனுக்கு அந்தக் காரணம் தேவையில்லை. மரம் பெருமூச்சு விட்டது என்றாலே ஆயிற்று. அதேபோல் மோனையை வைத்து அலிட்டரேஷனைத் தேடும்போது எழுத்தைப் பார்க்காதீர்கள். நைஃப் கே-யில் தொடங்குகிறது, நைட் என்-னில் தொடங்குகிறது, ஆனாலும் அது அலிட்டரேஷன். காது சொல்வதுதான் கணக்கு.

பெயரைக் கண்டுபிடித்தால் ஒரு மார்க் வரும். மீதி மார்க், அந்த அணி அங்கே என்ன வேலை செய்கிறது என்று எழுதினால்தான். இதற்குத் தொல்காப்பியம் ஒரு நல்ல கருவி தருகிறது. உவமை நான்கு வழியில் பிறக்கும் என்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். "மூடுபனி திருடனைப் போல உள்ளே வந்தது" என்று ஒரு வரியை வைத்துக்கொள்வோம். பனிக்கும் திருடனுக்கும் நிறத்திலோ வடிவத்திலோ ஒற்றுமை இல்லை. சத்தமில்லாமல் நுழைவது வினை. எதிரே இருந்த தேயிலைச் சரிவு காணாமல் போவது பயன். இந்த இரண்டையும் இரண்டு வாக்கியமாக எழுதினால் அதுதான் விளக்கம். "பொயட் யூசஸ் சிமிலி டு மேக் இட் பியூட்டிஃபுல்" என்று எழுதுவதற்கு எழுதாமலே இருக்கலாம்.

தீம் விஷயத்தில் நானே அடிபட்டவன். பள்ளியில் ஒரு கவிதைக்கு "தீம்: மரணம்" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டு, சரிதானே, ஏன் மார்க் இல்லை என்று டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். மரணம் என்பது டாபிக். மரணத்தைப் பற்றிக் கவிதை என்ன சொல்கிறது என்பதுதான் தீம் என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அதுவும் சங்கப் பாடல் வழியாக. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் படித்திருப்பீர்கள். நாங்கள் இருப்பது குறிஞ்சி நிலம். மலையும் நள்ளிரவும் முதற்பொருள், அது செட்டிங். தினை, கிளி, மூங்கில், அருவி கருப்பொருள். இமேஜரியும் சிம்பலும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். உரிப்பொருள்தான் தீமுக்குப் பக்கத்தில் நிற்பது: புணர்தலும் அது சார்ந்த ஒழுக்கமும். மலையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பாடினாலும் பாட்டு மலையைப் பற்றியது இல்லை. இங்கிலீஷ் பாடத்தையும் இப்படி மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். கடைசியில் உரிப்பொருளை எழுவாய், பயனிலையோடு முழு வாக்கியமாக எழுதுங்கள். ஒற்றைச் சொல்லில் நின்றால் இன்னும் தீமுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

பெர்சுவேசிவ் டெக்னிக்குக்குப் புத்தகமே வேண்டாம், ரோட்டில் நடந்தாலே போதும். வர்க்கி பிஸ்கெட் விற்கும் கடைக்குக் கடை "ஒரிஜினல்" என்று போர்டு இருக்கும். "எங்களை நம்பு" என்று கேட்பது ஈத்தாஸ். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவு; அந்த எண்ணைச் சொல்லி இரண்டாம் கியரில் போகச் சொன்னால் லோகாஸ், வீட்டில் குழந்தை காத்திருக்கிறது என்று சொன்னால் பேத்தாஸ். நம்பகம், காரணம், உணர்ச்சி என்ற இந்த மூன்றையும் அரிஸ்டாட்டில் கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே பிரித்து வைத்துவிட்டார்.

எனக்கு இது புரிந்தது அப்பாவின் மனுவில். முக்கால் ஏக்கர் டீ எங்களுக்கு. ஒரு வருஷம் பசுந்தேயிலை விலை படுத்துவிட்டது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்க அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எத்தனை வருஷமாக இந்தத் தோட்டம் வைத்திருக்கிறோம் என்று ஆரம்பித்தார். அப்புறம் உரம், பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கைக்கு வந்த காசு, எல்லாம் எண்ணாக. என் ஃபீஸ் கட்ட அம்மாவின் வளையலை அடகு வைத்தது கடைசி வரியில்தான் வந்தது. அதை மேலே போடலாமே என்றேன்.

"மொதல்லயே அழுதா கணக்கைப் பாக்க மாட்டாங்கடா" என்றார்.

ஒரு பேச்சையோ கட்டுரையையோ திருப்பிப் பார்க்கும்போது எந்த டெக்னிக் இருக்கிறது என்பதோடு, அது ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். தேர்வுக்கு முந்தின நாள் ஒரு கவிதை, ஒரு பேச்சு, இரண்டே இரண்டு போதும். புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள்.