சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறார்கள். நடைமுறையில் வசதியானவருக்கும் ஏழைக்கும் ஒரே சட்டம்தானா?

இல்லை. ஏன் என்று கேட்டால் பலரும் லஞ்சம், சிபாரிசு, மேலிடத்து போன் என்று ஆரம்பிப்பார்கள். அதெல்லாம் இருக்கிறது. ஆனால் ஆறு வருடம் ஒரு மாவட்டக் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: யாரும் பத்து பைசா வாங்காமல் எல்லாம் விதிப்படி நடந்தாலும், ஏழை உள்ளே இருப்பார், வசதியானவர் வெளியே இருப்பார். ஜாமீன் முறையே அப்படித்தான் இருக்கிறது.

ஒரு கொத்தனார். வேலை செய்த இடத்தில் கம்பி திருடியதாக வழக்கு. கைதான 12-ஆம் நாள் ஜாமீன் கிடைத்துவிட்டது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. பணம் கட்ட வேண்டாம், அந்த மதிப்புக்குச் சொத்து இருப்பதைக் காட்டினால் போதும்.

அவர் மனைவி மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே ரேஷன் கார்டு, ஆதார் நகல், வீட்டு வரி ரசீது. ரசீது மாமனார் பேரில் இருந்தது. மாமனார் இறந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது, யாரும் பேர் மாற்றவில்லை. கொழுந்தனார் வாடகை வீட்டில் இருப்பவர். தெருவில் சொந்த வீடு உள்ளவர்கள், "கோர்ட்டு வாசப்படியெல்லாம் நாங்க மிதிக்க மாட்டோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். தினமும் மத்தியானம் வந்து என் மேசை ஓரமாக நிற்பார். "ஜாமீன் குடுத்தாச்சுன்னு சொன்னீங்களே சார், அப்புறம் ஏன் இன்னும் விடலை?" என்று கேட்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பக்கத்துத் தாலுகாவிலிருந்து கொத்தனாரின் பெரியப்பா மகன் ஒருவரும் பழைய மேஸ்திரி ஒருவரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். கொத்தனார் வெளியே வந்தது 41-ஆவது நாள். விடலாம் என்று நீதிபதி சொன்ன பிறகு 29 நாள் சிறையில் இருந்திருக்கிறார்.

அதே மாதம் எங்கள் சீனியர் வக்கீலிடம் சீட்டுப் பணம் லட்சக்கணக்கில் மோசடி என்ற வழக்கில் ஒருவர் வந்தார். முன்ஜாமீன் வாங்கினோம். பிணைத் தொகை ஒரு லட்சம். மத்தியானத்துக்குள் சொத்துப் பத்திரத்தோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் ஒரு ராத்திரிகூட உள்ளே இருக்கவில்லை. இரண்டு பேருக்கும் பிணை மனு எழுதியது நான்தான். இரண்டிலும் சட்டம் மீறப்படவில்லை. அதுதான் என்னால் இன்னும் மறக்க முடியாதது.

இது புதிய விஷயமும் இல்லை. மோதிராம் வழக்கில் 1978-லேயே உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. மோதிராம் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். அவரை ஜாமீனில் விடச் சொன்னதே உச்ச நீதிமன்றம்தான். கீழ்க் கோர்ட் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டது. அவருடைய சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்க மறுத்தது. நீதிபதி கிருஷ்ண ஐயர் அதைக் கடுமையாகக் கண்டித்தார். தமிழனோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் அந்த ஊரில் சொத்துள்ள பிணையாளுக்கு எங்கே போவான் என்று தீர்ப்பிலேயே கேட்டார். வேறு யாரும் பிணை நிற்காமல், அவரே எழுதிக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். 1978-ல் சொன்னது, நான் வேலை பார்த்த கோர்ட் வளாகம் வரை வந்து சேரவே இல்லை.

வசதியும் பேரும் உள்ளவர்களுக்கு இதே அமைப்பு எவ்வளவு வேகமாக ஓடும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2002-ல் மும்பையில் நடந்த கார் விபத்து வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2015 மே 6 அன்று ஐந்து வருடத் தண்டனை விதிக்கப்பட்டது. அன்று சாயங்காலமே உயர் நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது. அதே வருடம் டிசம்பரில் விடுதலையும் ஆனார். தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. ஒரே நாளில் மேல் கோர்ட் கதவு திறக்கும் என்று நம் கொத்தனாரின் மனைவிக்குச் சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

சிறைக்குள்ளும் வகுப்பு உண்டு. படிப்பையும் சமூக அந்தஸ்தையும் பார்த்து, கூடுதல் வசதியுள்ள 'ஏ' வகுப்பு கொடுக்கத் தமிழ்நாட்டுச் சிறை விதிகளே இடம் தருகின்றன. பட்டதாரி, வருமான வரி கட்டுபவர் என்று காரணம் காட்டி அதற்கு மனு போடுவார்கள். சித்தாளுக்கு அந்த மனு எங்கே எழுத முடியும்?

வெளியே வந்த பிறகும் முடியாது. தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை. கொத்தனார் வேலைக்கு எட்டரை மணிக்கே ஆள் நிற்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலி போச்சு.

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு ஒரு விஷயம். ஜாமீன் கிடைத்தும் பிணையாள் இல்லாமல் யாராவது உள்ளே இருந்தால் சும்மா இருக்காதீர்கள். ஒரு மாதத்துக்குள் பிணை தர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட் தானாகவே யோசிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய் ஜாமீன் உத்தரவின் நகலைக் காட்டி, இதைச் சொல்லி மனு போடச் சொல்லுங்கள். வக்கீலுக்கு அங்கே பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அம்மா வந்த வருடத்தில் இப்படி ஓர் உத்தரவு என் கையில் இல்லை.