கடைசி உயிரெழுத்தில் இருக்கிறது மரியாதை: ஸ்பானிஷ் ஏவல் வினை, கேள்வி பதில்

குன்னூரில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். மலைக்கு வரும் ஸ்பானிஷ் பயணிகளிடம் ‘பாருங்க, ஏறுங்க, சாப்பிடுங்க’ என்று எப்படிச் சொல்வது எனப் பலர் கேட்டிருந்தீர்கள். ஒழுங்காக மாறும் வினைகளை இங்கே பார்ப்போம்.

ஊட்டி, டாக்ஸி ஓட்டுநர்: டீச்சர், தொட்டபெட்டாவுல ஒரு பெரியவர்கிட்ட ‘மீரா’ன்னு சொன்னேன். கூட இருந்த கைடு, மரியாதை இல்லாத பேச்சுங்கிறார். நிஜமா?

சொல் சரிதான் அண்ணா. ஆனால் ‘மீரா’ என்றால் ‘பார்’. ‘பாருங்க’ என்பதற்கு ‘மீரே’. நமக்கு நீ, நீங்க இருப்பதுபோல் அவர்களுக்குத் ‘தூ’, ‘உஸ்தேத்’. நாம் ‘ங்க’ சேர்க்கிற இடத்தில் அவர்கள் கடைசி உயிரெழுத்தை மாற்றிவிடுவார்கள். வினையின் பெயர் ‘மிரார்’. அதன் ‘ர்’ போனால் நீ-க்கு உரிய ஏவல். கடைசி ‘ஆ’வை ‘ஏ’ ஆக்கினால் மரியாதை. வண்டி நிறைய ஆள் இருந்தால் ‘மீரேன்’.

ஸ்பெயினில் கடைத்தெருவில்கூடத் ‘தூ’ சகஜம், அதனால் மனம் வருந்த வேண்டாம். முதல் பழக்கத்தில், அதுவும் வயதானவரிடம், ‘உஸ்தேத்’ நல்லது.

கோத்தகிரி, ஹோம்ஸ்டே நடத்துபவர்: அப்போ ‘சாப்பிடுங்க’ன்னா ‘கோமே’தானே அக்கா? ‘ஏ’லதானே முடியுது?

இல்லைம்மா. என் வகுப்பில் அதிகம் பேர் வழுக்கும் இடம் இது. ‘கோமே’ என்றால் ‘சாப்பிடு’. ‘சாப்பிடுங்க’ என்பது ‘கோமா’.

‘மிரார்’ ‘ஆர்’ வகை. ‘கொமேர்’ ‘ஏர்’ வகை. ‘சுபீர்’, அதாவது ஏறுதல், ‘ஈர்’ வகை. ஏர், ஈர் இரண்டிலும் நீ-க்கு ‘ஏ’, நீங்க-வுக்கு ‘ஆ’. ஆகவே ‘சூபே’ என்றால் ஏறு, ‘சூபா’ என்றால் ஏறுங்க. ‘ஏ வந்தால் மரியாதை’ என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஆர் வகைக்கு ‘ஆ’தான் வீட்டு உயிர், மற்ற இரண்டுக்கும் ‘ஏ’. வீட்டு உயிர் வந்தால் நெருக்கம், எதிர்வீட்டு உயிர் வந்தால் மரியாதை.

டீயை நீட்டும்போது ‘தோமே’, வர்க்கித் தட்டை நகர்த்தும்போது ‘கோமா’. இரண்டும் மரியாதைதான், ஒன்று ‘தொமார்’, மற்றது ‘கொமேர்’. நாலு நாள் இப்படிக் கையோடு சேர்த்துச் சொல்லுங்கள், வாய் பழகிவிடும். ‘சூபா’வில் உள்ள ‘பா’வை ‘கோபால்’ என்பதில் வருவதுபோல் மெதுவாகச் சொன்னால் போதும்.

கொடைக்கானல், கல்லூரி மாணவி: பாடத்துல ‘ஆப்லாத்’, ‘கொமேத்’னு இருக்கே மேடம், அது யாருக்கு?

‘ஆப்லார்’ என்றால் பேசுதல். இவை ஸ்பெயினில் நெருக்கமான பலரைப் பார்த்துச் சொல்லும் ஏவல். ‘ர்’ இருந்த இடத்தில் ‘த்’. லத்தீன் அமெரிக்காவில் பலர் என்றால் ‘ஆப்லேன்’, ‘கோமான்’தான். அர்ஜென்டினாக்காரர் ‘மிரா’ என்று கடைசியை அழுத்துவார். அது அங்கே ‘தூ’வுக்குப் பதில் புழங்கும் ‘வோஸ்’.

அதே மாணவி: ‘பகார்’னா பணம் கொடுத்தல். ‘பகே’ எழுதும்போது ஏன் நடுவுல ‘யூ’ வருது?

அந்த ‘யூ’ (u) இல்லாமல் ‘ஜி’க்குப் (g) பின் ‘இ’ (e) வந்தால் ‘ஹே’ மாதிரி தொண்டையில் ஒலிக்கும். ஒலியைக் காக்கத்தான் எழுத்து மாறுகிறது, வினை ஒழுங்கானதே.

கொடைக்கானல், பூண்டுக் கடைக்காரர்: ‘இதை வாங்குங்க’ன்னு எப்படிச் சொல்றது?

‘கோம்ப்ரெலோ’. நாம் ‘இதை’யை முன்னால் வைப்போம், அவர்கள் ‘லோ’வைப் பின்னால் ஒட்டுவார்கள். ஒட்டினாலும் அழுத்தம் ‘கோம்’ மேல்தான். பூண்டு அவர்கள் மொழியில் ஆண்பால், அதனால் ‘லோ’. பெண்பால் பொருளுக்கு ‘லா’.

ஊட்டி, சாக்லேட் கடைப் பெண்: ருசி பாருங்கன்னா ‘ப்ரோபே’ சரியா அக்கா?

கணக்கு சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ‘ப்ரொபார்’ நடுவில் உடையும் வினை, அதன் ‘ஒ’ இங்கே ‘உவே’ ஆகிவிடும். ‘ப்ருவேபே’ என்று சொல்லித் தட்டை நீட்டுங்கள்.