மணமுள்ள பூச்செடிகளை வீட்டுக்குள் வளர்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: வரவேற்பறை மூலையில் வைத்த குண்டுமல்லி நன்றாகத் தழைக்கிறது, ஆனால் ஓராண்டாக ஒரு மொட்டுகூட இல்லை. என்ன உரம் இடலாம்?

பதில்: உரத்தை மறந்துவிடுங்கள். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிற அறை மூலை செடிக்கு ஏறத்தாழ இருட்டுதான். குண்டுமல்லிக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். அது கிடைக்காத செடிக்குத் தழைச்சத்து மிகுந்த உரத்தை இட்டால் மேலும் இலைதான் வரும். வெயில் விழும் சன்னலோரத்துக்கு மாற்றி, கிளைகளை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்யுங்கள். புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு கட்டும் என்பதால், வெட்டத் தயங்குகிறவர்கள் பூவையும் இழக்கிறார்கள். மேல்மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். அடித்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள்.

கேள்வி: கார்டேனியா வாங்கி வந்த ஒரே வாரத்தில் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது.

பதில்: ஈரக்காற்றில் வளர்ந்த செடி உலர்ந்த அறைக்கு வந்ததும் முதலில் கைவிடுவது மொட்டைத்தான். ஏசியின் காற்று படாத, வெளிச்சமான ஓர் இடத்தில் வைத்து, பிறகு நகர்த்தாதீர்கள். இலை நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்தால், சுண்ணாம்பு மிகுந்த கடின நீரால் மண்ணின் அமிலத்தன்மை குறைந்து செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியவில்லை என்று பொருள். மழைநீர் ஊற்றினால் தேறும். அடித்தட்டு நீரைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

கேள்வி: ஹோயா கொடியில் பூத்து முடிந்த காம்பை நறுக்கலாமா?

பதில்: கூடாது. அந்தக் குட்டைக் காம்பை உற்றுப் பாருங்கள்: உதிர்ந்த பூக்களின் தழும்புகள் வரிவரியாக இருக்கும். அடுத்த முறையும் அதே நுனியிலிருந்துதான் மெழுகில் வார்த்தாற்போன்ற நட்சத்திரப் பூக்கள் கொத்தாக வரும்.

கேள்வி: பூனை வளர்க்கிறேன், லில்லி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும்.

கேள்வி: என் பிரம்ம கமலம் எப்போது பூக்கும்?

பதில்: உங்களிடம் இருப்பது நிஷாகந்தி. பிரம்ம கமலம் இமயத்தில் ஏறத்தாழ 4000 மீட்டர் உயரத்தில் வளரும், சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. அதை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது நடக்கிற காரியமல்ல.

கேள்வி: எல்லோரும் அப்படித்தானே அழைக்கிறார்கள்? பெயரில் என்ன இருக்கிறது?

பதில்: வளர்ப்பு முறையே அதில் இருக்கிறது. இமயச் செடி என்று நம்பிக் குளிரில் வைத்து அழுகவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கள்ளி இனம் என்று அறிந்ததும் வெறும் மணலில் நட்டு, உச்சி வெயிலில் வாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். நிஷாகந்தி கள்ளிதான், ஆனால் மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் காட்டு மரங்களின் மேல் தொற்றி வளர்வது. ஆகவே மட்கிய இலை கலந்த பொலபொலப்பான மண்ணும், காலை இளவெயிலும் அதற்குப் போதும்.

கேள்வி: கள்ளிக்கு ஏது அவ்வளவு பெரிய இலை? நீங்கள்தான் தவறாகச் சொல்கிறீர்கள்.

பதில்: அது இலையன்று, தட்டையான தண்டு. அதன் விளிம்புப் பள்ளங்களிலிருந்து மொட்டு வருவதே சான்று. தொங்கும் மொட்டின் குழல் கொக்கிபோல் வளைந்து, முனை மேல்நோக்கி உப்பினால் அன்றிரவு விழித்திருங்கள். இருட்டிய பின் விரிந்து, அந்துப்பூச்சிகளை அழைக்கும் மணத்தைப் பரப்பிவிட்டு, விடிவதற்குள் வாடிவிடும். பெயர் விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: என் மல்லிகையும் பூக்கவில்லை. என்ன உரம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சன்னலே இல்லாத படுக்கையறைக்கு மணமுள்ள செடி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: அப்படி ஒன்று கிடையாது. கொய்த மலர்களைச் சாடியில் வையுங்கள். பூனை இருந்தால், அதிலும் லில்லி வேண்டாம்.