‘அது வேறு விஷயம்’ இல்லை, அம்மா

கேள்வி: எனக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை. என் பெயரிலும் கணவர் பெயரிலும் எழுத்து எடுத்து, எண் கணிதமும் பார்த்து, ‘தர்ஷ்விகா’ என்று முடிவு செய்திருக்கிறோம். மாமனாரோ தன் அம்மா பெயரான ‘பேச்சியம்மாள்’தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பள்ளியில் கேலி செய்வார்களே! இரண்டில் எதற்கு நல்ல அர்த்தம்? (மாமியார் பெயர் போதும்பொண்ணு. பெயர் சூட்டு விழாப் பத்திரிகையில் பார்க்க நன்றாக இருக்காது என்று ‘பூரணி’ என்று போட்டுவிட்டோம். அது வேறு விஷயம்.)
– விருதுநகர் மாவட்ட வாசகி

பதில்: உங்கள் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். தர்ஷ்விகாவுக்கு அர்த்தம் கிடையாது. நீங்கள் இருவரும் ஆளுக்கு ஒரு துண்டு போட்டுச் செய்த பெயர், அவ்வளவுதான். பேச்சி தென்மாவட்டங்களில் பல குடும்பங்களுக்குக் குலதெய்வம், பேறுகாலத்தில் தாயையும் பிள்ளையையும் காப்பவள். ஒன்றைப் பதிவேட்டில் எழுதுங்கள், இன்னொன்றைச் சொல்லி வீட்டில் கூப்பிடுங்கள். நம் ஊரில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர்தான். அவசரமும் இல்லை. பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணமே கிடையாது, அதன் பிறகும் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வயது வரை சேர்க்கலாம்.

இப்போது அந்த அடைப்புக்குறிக்கு வருவோம்.

‘போட்டுவிட்டோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘அத்தையிடம் கேட்டுப் போட்டோம்’ என்று இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். பெயருக்கு உரியவர் அதே வீட்டில் இருக்கிறார். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் போதும்பொண்ணுதான் இருக்கும். பேத்தியின் பத்திரிகையில் மட்டும் யாரோ ஒரு பூரணி.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மூன்றாவதோ நான்காவதோ பெண்ணாகப் பிறந்தால் ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என்று வைப்பார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. இதைப் பிச்சை, குப்பம்மாள், குப்புசாமி போன்ற பெயர்களோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டுபவர்கள் உண்டு. அது தவறு. முந்தைய பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், பிறந்த குழந்தையைக் குப்பையில் புரட்டி எடுப்பாள், பக்கத்து வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவாள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமனை ஏமாற்றப் பார்க்கிறாள். குப்பம்மாள் என்ற பெயருக்குள் இருப்பது ‘என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடாதே’ என்ற கெஞ்சல். போதும்பொண்ணுவுக்குள் அந்தக் கெஞ்சல் இல்லை. அதில் வேண்டாத பிள்ளை என்பது நடிப்பும் இல்லை.

அந்தப் பெயரைத்தான் உங்கள் மாமியார் பள்ளியில், களத்துமேட்டில், கல்யாணப் பத்திரிகையில், ஓட்டுச்சாவடியில் சொல்லிச் சொல்லி வாழ்ந்திருக்கிறார். அவர் பிறந்தபோது ஒருமுறை ‘நீ போதும்’ என்றார்கள். பேத்தி எடுத்த வயதில் நீங்கள் இரண்டாம் முறை சொல்லியிருக்கிறீர்கள். பெற்றவர்களாவது அறியாமை, ஆண்பிள்ளை ஆசை என்று ஏதோ காரணம் வைத்திருந்தார்கள். உங்கள் காரணம் பத்திரிகை அழகாக இருக்க வேண்டும் என்பது!

உங்களை மட்டும் திட்டினால் நியாயம் ஆகாது. உங்கள் கணவர் எங்கே போனார்? பெற்ற தாயின் பெயரை அச்சில் மாற்ற மகன் எப்படிச் சம்மதித்தான்? மருமகள் சொன்னாள் என்ற சாக்கு என்னிடம் செல்லாது. மாமனாரும் லேசுப்பட்டவர் இல்லை. பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை, பெயரைத் தாங்குகிறவர்கள் என்று பொருள். பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்பது பல குடும்பங்களில் வழக்கம். அந்தக் கணக்கில் முதல் உரிமை உங்கள் மாமியாருக்கு. மனிதர் ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்துத் தன் அம்மாவிடம் போய் நின்றிருக்கிறார். இவ்வளவு சண்டையில் உங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் போதும்பொண்ணுவின் ஞாபகம் வரவில்லை. குழந்தைக்கு அதை வைக்கச் சொல்லவில்லை, வைக்கவே கூடாது. ஆனால் ஏன் கூடாது என்று அவர் எதிரில் ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டாமா?

மராட்டியத்தில் சதாரா மாவட்டத்தில் இதே கதைதான். ‘நகுசா’ என்று பெயர் வைப்பார்கள், வேண்டாதவள் என்று பொருள். 2011இல் அங்கே விழா எடுத்து 285 பெண் பிள்ளைகளுக்குப் புதுப் பெயர் கொடுத்துச் சான்றிதழும் தந்தார்கள். புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்தது பிள்ளைகளேதான். நடிகையின் பெயரை எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, எடுக்கட்டுமே! உங்கள் வீட்டுப் ‘பூரணி’யில் இல்லாதது அந்தத் தேர்வுதான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பத்திரிகையை யாருக்கும் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, மறுபடி அச்சடியுங்கள், செலவு உங்கள் கணவருடையது. இரண்டு பேரும் போய் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமல் செய்தது தப்பு என்று சொல்லுங்கள். ‘இத்தனை வருஷம் இருந்த பேரு, இருந்துட்டுப் போகட்டும்’ என்றால் போதும்பொண்ணு என்றே கொட்டை எழுத்தில் போடுங்கள். பார்க்க நன்றாக இல்லை என்பவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். மாற்ற ஆசை என்றால் அவரே ஒன்றைச் சொல்லட்டும். எழுதுபொருள் அச்சுத்துறையில் விண்ணப்பித்து அரசிதழில் வெளியிட்டால் சட்டப்படியே மாறிவிடும். அந்த அலைச்சலும் மகனுடையது. விழா அன்று குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வதும் உங்கள் அத்தையாகவே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. சின்ன வயதில் அவருடைய அம்மா அவரை எப்படிக் கூப்பிட்டாள் என்று கேளுங்கள். இப்படிப் பெயர் வைக்கப்பட்டவர்கள் பலருக்கும் அடுப்படியில் வேறொரு பெயர் இருந்திருக்கும். அதை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.